சன்னியின் கடிதம், மேடையில்

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஜமைக்காவில் பிறந்த பிரிட்டன் கவிஞர் லிண்டன் க்வெசி ஜான்சனின் டப் கவிதைகளை, அதாவது ஜமைக்காவின் ரெகே இசைத் தாளத்தில் சொல்லப்படும் கவிதைகளை, அச்சில் வாசித்தபோது அவை வெறும் முழக்கங்களாகவே தோன்றின. அவரே மேடையில் சொல்லும் காணொளியைப் பார்த்தபோதோ கண்கலங்கிவிட்டேன். இது கவிதையின் வலிமையா, ரெகே இசையின் வலிமையா? இத்தகைய கவிதைகளால் அரசியலில் ஏதேனும் மாறியதுண்டா?

கே. ஆர்.

அன்புள்ள கே. ஆர்.,

ரெகே இசைக்கலைஞர் டெனிஸ் பொவெல்லின் இசைக்குழுவுடன் பதிவுசெய்த கவிதைகளை ஜான்சன் வாத்தியம் ஏதுமின்றித் தனியாகவும் மேடைகளில் சொல்லியிருக்கிறார்; 1996இல் அப்படியொரு நேரடிப் பதிவும் வெளிவந்தது. அதில் பேஸ் கிட்டார் இல்லை, ஆனால் அதன் நடை கேட்கிறது. ஜமைக்கப் பேச்சுமொழியின் அழுத்தங்களை ரெகே தாளத்தில் வைத்தே அவர் வரிகளை அமைக்கிறார் என்பதால், கண்ணால் மட்டும் வாசிப்பவருக்குக் கவிதையில் பாதி கிடைப்பதில்லை.

1979இல் இசைத்தட்டாக வந்த 'சன்னியின் கடிதம்' கவிதையை எடுத்துக்கொள்ளுங்கள். லண்டனின் பிரிக்ஸ்டன் சிறையிலிருந்து ஒரு மகன் தன் தாய்க்கு எழுதுகிறான். நலம் விசாரிப்பில் தொடங்கும் கடிதம், தம்பி ஜிம்முடன் பேருந்துக்குக் காத்திருந்த மாலைக்கு மெல்ல வருகிறது. போலீஸ் வண்டி நிற்கிறது, ஜிம்மை அடிக்கிறார்கள். அந்த இடத்தில் வரிகள் சுருங்கி, ஒவ்வோர் அடியும் ஒரு வரியாக விழுகிறது. தடுக்கப்போன சன்னியின் கையால் ஒரு காவலர் இறந்துவிடுகிறார். இவ்வளவையும் ஜான்சன் குரலை உயர்த்தாமல், ஏறக்குறைய அசையாமல் சொல்கிறார். அவர் குமுறி அழுதிருந்தால் நாம் அவருடைய நடிப்பைப் பார்த்துக்கொண்டிருப்போம்; அவர் அடங்கி நிற்பதால், கடிதத்தைப் பெறும் தாயின் இடத்தில் நாம் போய் நிற்க நேர்கிறது. உங்கள் கண்ணீருக்கு நான் காணும் காரணம் இதுதான்.

சந்தேகம் ஒன்றையே காரணமாக்கி எவரையும் கைதுசெய்ய இடமளித்த, பிரிட்டனின் 1824ஆம் ஆண்டு நாடோடித் தடைச்சட்டப் பிரிவை எதிர்த்தே இக்கவிதை எழுதப்பட்டது. அப்பிரிவு 1981இல் நீக்கப்பட்டது. அதைக் கவிதையின் வெற்றி என்று நான் சொல்லமாட்டேன். லண்டனின் கறுப்பினத் தாய்மார்கள் தொடங்கி வளர்த்த இயக்கத்துக்கு உரிய பெருமை அது. தெருவில் தனித்தனியே பட்ட அவமானத்தை ஓர் அரங்கமே சேர்ந்து கேட்கும்போது, இது என் துரதிர்ஷ்டம் என்ற எண்ணம் கலைந்து இது நமக்கு இழைக்கப்படுவது என்ற தெளிவு பிறக்கிறது. கவிதை செய்தது அவ்வளவுதான் என்றாலும், அந்தத் தெளிவு இல்லாமல் எந்த இயக்கத்துக்கும் ஆள் சேராது.

முழக்கம் என்ற உங்கள் குறையையும் நான் முற்றாக மறுக்கவில்லை. டப் கவிதை என்ற பெயரில் வந்தவற்றில் கோபத்தைத் தவிர வேறொன்றும் இல்லாதவை பல உண்டு. எவ்வளவு நல்ல இசைக்குழுவாலும் அவற்றைத் தூக்கி நிறுத்த முடிந்ததில்லை.