0.43 வந்ததற்காக யாருக்கும் காசு கொடுக்காதீர்கள்

பாயான் லெப்பாஸிலிருந்து ஒரு முதுகலை மாணவர் கேட்கிறார்: 'ஒரே கோட்டில் தாறுமாறாக நடக்கும் துகள்கள், இரண்டு முட்டினால் இரண்டும் அழிந்துவிடும். மிஞ்சும் எண்ணிக்கை நேரத்தின் மைனஸ் 0.5 அடுக்கில் குறைய வேண்டுமாம். என் சிமுலேஷனில் 0.43தான் வருகிறது. 800 வெள்ளி கொடுத்தால் சரிசெய்து தருவதாக ஓர் ஏஜென்ட் சொல்கிறார். கொடுக்கலாமா?'

கொடுக்காதீர்கள், தம்பி. உங்கள் புரோகிராமில் அநேகமாகத் தப்பே இல்லை. அந்த ஆள் எண்களைத் திருத்தி 0.5 வரவைப்பார், அவ்வளவுதான். வாய்மொழித் தேர்வில் கேள்வி வரும்போது பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள். ஆறு மாதத்தில் முடி, கட்டுரையும் போடு என்று மாணவர்களை விரட்டும் முறைதான் இந்த ஏஜென்ட்களுக்குச் சோறு போடுகிறது, எனக்கு அதில்தான் கோபம்.

சரி, விஷயத்துக்கு வருவோம். லெபு பினாங் தெரு அஞ்சடியில், அதாவது கடைகளின் முன் நடைபாதையில், குருட்டாம்போக்காக முன்னும் பின்னும் நடப்பவர் 100 அடி எடுத்து வைத்தாலும், கிளம்பிய இடத்திலிருந்து சுமார் 10 அடி தூரத்தில்தான் இருப்பார். அதாவது நேரத்தின் வர்க்கமூலம். அந்தத் தூரத்துக்குள் இருந்தவர்கள் முட்டி மறைந்திருப்பார்கள், ஆகவே மிஞ்சியவர்களுக்கு நடுவே உள்ள இடைவெளியும் அதே கணக்கில் வளரும். 0.5 வருவது இதனால்தான்.

ஆனால் இது நெடுநேரம் ஓடிய பிறகே உண்மை. ஆரம்பத்தில் கிராஃபின் கோடு தட்டையாக இருக்கும், அதையும் சேர்த்து லாக்-லாக் கிராஃபில் (இரண்டு அச்சிலும் மடக்கை, அதாவது log, எடுத்தது) ஸ்கேலை வைத்து இழுத்தால் சரிவு, அதாவது நீங்கள் தேடும் அடுக்கு, குறையத்தான் செய்யும். அந்தக் கிராஃபில் எதை வரைந்தாலும் கொஞ்ச தூரம் நேராகத்தான் தெரியும், கண்ணை நம்பவே நம்பாதீர்கள்! கடைசியிலோ, சிமுலேஷனில் துகள்கள் நடக்கும் கோட்டின் இரு முனையையும் இணைத்த வளையம் சின்னதாக இருந்தால் துகள்கள் அதையே சுற்றி வந்துவிட, கிராஃபின் கோடு சடாரென்று விழும். கிராஃபின் இரண்டு முனையையும் வெட்டிவிட்டு நடுவில் பாருங்கள்: நேரம் 4 மடங்காகும்போது எண்ணிக்கை பாதியாகிறதா? ஆகிறதென்றால் சரி.

ஒரு விதிவிலக்கை மட்டும் அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் அடுத்து நீங்கள் தளத்துக்கு, அதாவது இரண்டு பரிமாணத்துக்குப் போவீர்கள். அங்கே விதி சுத்தமான அடுக்கு இல்லை, நேரத்தின் மடக்கையை நேரத்தால் வகுத்தது. அதனால் சரிவு 1ஐ நெருங்கிக்கொண்டே இருக்கும், எட்டாது. தோராயமாக 1000ஆவது படியில் 0.86, பத்து லட்சமாவது படியில் 0.93. அந்த 0.86ஐப் பார்த்துப் புது அடுக்கு கண்டுபிடித்ததாக எழுதிவிடாதீர்கள், அப்படி எழுதியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

முதலில் வளையத்தை 10 மடங்கு பெரிதாக்குங்கள், கோடு விழும் நேரம் 100 மடங்கு தள்ளிப்போகும். அதை ஓட்ட நாள் வேண்டும், கால நீட்டிப்புக்கு இந்த வாரமே எழுதிக் கொடுங்கள்.