‘புரியவில்லை’ என்று ரிவ்யூவில் எழுதலாமா?

கேள்வி: கெர்னல் (இயங்குதளத்தின் மையப் பகுதி) குழுவில் புதிதாகச் சேர்ந்திருக்கிறேன். எந்த வேலை எப்போது, எங்கே ஓடும் என்று முடிவுசெய்யும் லினக்ஸ் ஷெட்யூலரில், டாஸ்க்குகளை சிபியுக்களுக்குள் பங்கிடும் லோட் பேலன்ஸ் பகுதியில், சக ஊழியர் செய்த மாற்றத்தை ரிவ்யூ பண்ணச் சொல்லியிருக்கிறார்கள். தப்பு எதுவும் கண்ணில் படவில்லை. ஆனால் படிக்கவே முடியவில்லை. அதை எழுதினால் சிரிப்பார்களா?
– பெயர் வேண்டாம் என்ற வாசகி, கோவை

பதில்: தாராளமாக எழுதுங்கள். எந்த வரியில் புரியவில்லை என்பதையும் சேர்த்து எழுதுங்கள், அவ்வளவுதான்.

அந்தப் பகுதியில் தப்பு சுலபமாகக் கண்ணில் படாது. மெஷின் கிராஷ் ஆகாது. ஒரு கோரில் (சிபியுவில்) கூட்டம் நெரிய, பக்கத்துக் கோர் சும்மா கிடக்கும். 2016-இல் யூரோசிஸ் என்ற கணினி ஆய்வு மாநாட்டில் இதைப் பற்றி ஒரு கட்டுரை வந்தது. கோர்களைக் குழுக்களாகப் பிரித்து, ஒரு குழுவின் சராசரி லோடை (வேலைச் சுமையை) வைத்துத்தான் கெர்னல் முடிவெடுத்தது. கனமான ஒரே ஒரு த்ரெட் (டாஸ்க்) சராசரியை ஏற்றிவிட, அதே குழுவில் சும்மா கிடந்த கோர்கள் மறைந்துபோயின. 64 கோர் மெஷினில் நடந்த கூத்து இது. சி மொழிப்படி அந்தச் சராசரிக் கணக்கில் ஒரு குறையும் இல்லை.

ஸ்பேஸ், டேப் எல்லாம் செக்பேட்ச் என்ற கெர்னல் ஸ்கிரிப்ட் பார்த்துக்கொள்ளும். நீங்கள் ஒவ்வொரு வேரியபிளும் எதை எண்ணுகிறது என்று பாருங்கள். ‘இம்பேலன்ஸ்’ என்ற வேரியபிளையே எடுங்கள். எவ்வளவு நகர்த்த வேண்டும் என்று சொல்வது அது. முன்பு அது லோடில் மட்டுமே பேசியது. காலியான சிபியுவுக்கு ஒரு டாஸ்க்கை அனுப்பக்கூட அதை லோடாக்கித்தான் சொல்ல வேண்டும்; கணக்கு கோணல்மாணலாக இருக்கும். மளிகைச் சீட்டில் வெறும் ‘5’ என்று எழுதிவிட்டு, கிலோவா பாக்கெட்டா என்பதைக் கடைக்காரர் ஊகிக்கட்டும் என்று விட்டதுபோல.

லினக்ஸ் 5.5 பதிப்பில் ஷெட்யூலர் டெவலப்பர் வின்சென்ட் கிட்டோ இதைத் திருத்தி எழுதினார். லோடா, யூட்டிலைசேஷனா (சிபியு எவ்வளவு பயன்படுகிறது என்பது), டாஸ்க் எண்ணிக்கையா, பொருந்தாத டாஸ்க்கா (இருக்கும் சிபியுவின் திறனுக்கு மீறியது) என்று எண்ணுக்குப் பக்கத்திலேயே வகையும் வந்தது. டாஸ்க்குகளைப் பிரித்தெடுக்கும் ‘டிடாச் டாஸ்க்ஸ்’ ஃபங்ஷனில் உள்ள ஸ்விட்சைத் திறந்து பாருங்கள். வகை லோடு என்றால், எடுத்த டாஸ்க்கின் லோடு இம்பேலன்ஸிலிருந்து கழியும். யூட்டிலைசேஷன் என்றால் அது கழியும். டாஸ்க் என்றால் ஒன்று குறையும். பொருந்தாத டாஸ்க் என்றால் நேரே பூஜ்யம். ஒரே வேரியபிள் பல அலகில் பேசுவது எனக்கு இன்றும் உறுத்தல்தான். ஆனாலும் படிக்க முடிகிறது.

பெயர்களும் அப்படித்தான். 2024-இல் வந்த 6.10 பதிப்பில் ‘லோட் பேலன்ஸ்’ ஃபங்ஷன் ‘ஷெட் பேலன்ஸ் ஆர்க்யூ’ ஆனது. ‘ஃபைண்ட் பிஸியஸ்ட் குரூப்’ என்பதில் ‘பிஸியஸ்ட்’ போய் ‘சோர்ஸ்’ வந்தது. எங்கிருந்து இழுக்கிறோம் என்று பெயரே சொல்கிறது, நல்லதுதான். பழைய பெயரைத் தேடிப் படிக்கிறவர்களுக்கு மட்டும் தலைவலி.

117 என்று மொட்டையாக ஒரு எண்ணைப் பார்ப்பீர்கள். 17 சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால்தான் நகர்த்து என்பது அதன் பொருள். கெர்னலில் தசமக் கணக்கைத் தவிர்ப்பதால் நூறால் பெருக்கி ஒப்பிடுகிறார்கள். உங்கள் சக ஊழியர் இதுபோல் புது எண் நுழைத்திருந்தால் விளக்கம் கேளுங்கள். கோட்டூவைக் (கோடில் வேறொரு இடத்துக்குத் தாவச் சொல்லும் கட்டளை) கண்டு பதற வேண்டாம், அங்கே அது வழக்கம். பின்னோக்கித் தாவுகிறவற்றை மட்டும் நின்று படியுங்கள்: சுற்று எப்போது முடியும்?

அப்புறம், சரிபார்த்துவிட்டேன் என்று உறுதி சொல்லும் ‘ரிவ்யூட்-பை’ வரியில் உங்கள் பெயரை இப்போதே போட்டுவிடாதீர்கள். முதல் சுற்றில் கேள்விகள் மட்டும் போகட்டும்.