பரங்கிக்காயை உங்க அத்தை கையில குடுங்க

வாசகி கேள்வி: அன்புள்ள அக்கா, நாங்க ஓஹையோல கொலம்பஸ் பக்கத்துல இருக்கோம். பையனுக்கு 9 வயசு, பொண்ணுக்கு 6. கும்பகோணத்துலேர்ந்து என் மாமியார் ஆகஸ்ட் கடைசியில வந்திருக்காங்க, பிப்ரவரி வரைக்கும் இருப்பாங்க. பிள்ளைங்க ஸ்கூல்லேர்ந்து வந்ததும் ஹாலோவீனுக்கு பம்ப்கின் (அதான் நம்ம பரங்கிக்காய்) வாங்கணும், அதுல முகம் வெட்டணும், பம்ப்கின் பைன்னு (pie) அந்த இனிப்பும் செய்யணும்னு ஒரே பிடிவாதம். அத்தை "நவராத்திரி வர்ற நேரத்துல வாசல்ல பேய் முகத்த வெச்சா லட்சுமி எப்படி உள்ள வருவா"ன்னு கேக்கறாங்க. அவங்க முட்டையும் தொட மாட்டாங்க. போன வருஷம் நான் செஞ்ச பை தண்ணியா, நாரா போய் யாருமே சாப்பிடல. என் வீட்டுக்காரர் "நீயே பாத்துக்கோ"ன்னு ஒதுங்கிட்டார். பிள்ளைங்க ஆசையும் கெடக்கூடாது, அத்தை மனசும் நோகக்கூடாது, என்ன பண்றது? - ஓஹையோ வாசகி

பதில்:

தங்கச்சி, உங்க கடிதத்த ரெண்டு தடவ படிச்சேன். நீங்க என்னமோ உங்க அத்தை ஒரு பக்கம், பிள்ளைங்க ஒரு பக்கம், நடுவுல நீங்க மாட்டிக்கிட்ட மாதிரி எழுதியிருக்கீங்க, ஆனா எனக்குப் பட்டது என்னன்னா உங்க வீட்லயே பரங்கிக்காய நல்லா தெரிஞ்ச ஆள் உங்க அத்தைதான், அவங்களத்தான் நீங்க இன்னும் கேக்கவே இல்ல. அவங்ககிட்ட அனுமதி கேட்டிருக்கீங்க, யோசனை கேக்கல.

நானும் இந்தத் தப்பப் பண்ணவதான். இல்லினாய்ல பியோரியா பக்கத்துல 11 வருஷம் இருந்தேன், அமெரிக்காவுலயே பரங்கிக்காய் அதிகமா விளையறது அந்த மாநிலத்துலதான், பக்கத்துல மார்ட்டன்னு ஒரு ஊர், உலகத்துக்கே பம்ப்கின் தலைநகரம் நாங்கதான்னு பெருமையா சொல்லிக்குவாங்க, டின்ல அடைக்கற ஃபேக்டரி அங்கதான் இருக்கு. எங்கம்மா மொத தடவ வந்தப்போ, குளிரா இருக்கு, அம்மாவுக்கு இதெல்லாம் என்ன பிடிக்கப்போகுதுன்னு நானே முடிவு பண்ணி அவங்கள வீட்ல விட்டுட்டு பிள்ளைங்களோட பண்ணைக்குப் போயிட்டேன். திரும்பி வந்தப்ப அம்மா ஒண்ணே ஒண்ணுதான் கேட்டாங்க, "கொடி எப்படி இருந்துச்சு, காஞ்சிருச்சா, பச்சையா இருந்துச்சா?" எனக்குத் தெரியல. நான் கொடியவே பாக்கல. அன்னிக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரல, எங்க ஊர்ல மாட்டுக்கொட்டகை கூரை மேல கொடி ஏத்தி, பூவ எண்ணி, பிஞ்சுக்கு அடியில வைக்கோல் வெச்ச மனுஷி அவங்க.

அடுத்த சனிக்கிழமை கூட்டிட்டுப் போனேன். கொடியெல்லாம் பழுப்பேறி சருகா கெடக்கு, நடுவுல காய் காயா ஆரஞ்சு கலர்ல. அம்மா ஸ்வெட்டர் மேல சால்வையப் போத்திக்கிட்டு குனிஞ்சு ஒரு காய்ல கட்டைவிரல் நகத்த அழுத்திப் பாத்தாங்க, நகம் இறங்கல, காம்பத் தொட்டுப் பாத்தாங்க, மரம் மாதிரி காஞ்சிருக்கு, அப்புறம் விரல் மடக்கி ரெண்டு தட்டு, "இது முத்தினது, எடு". எம்பொண்ணு அதே மாதிரி ஒவ்வொரு காயையும் நகத்தால அழுத்தி அழுத்திப் பாத்துக்கிட்டே வந்தா. இப்ப அவ வளந்துட்டா, கடைக்குப் போனா இன்னிக்கும் அப்படித்தான் பாக்கறா.

அதனால மொதல்ல உங்க அத்தையப் பண்ணைக்குக் கூட்டிட்டுப் போங்க. காயத் தேர்ந்தெடுக்கற வேலைய அவங்களுக்கே குடுங்க.

சரி, பேய் முகம் விஷயம். உங்க அத்தை சொல்றதுல நியாயம் இருக்கு, கொலு வெக்கற வீட்டு வாசல்ல கோரப்பல்லு வேண்டாம்தான். ஆனா அவங்ககிட்ட ஒரு விஷயம் பொறுமையா உக்காந்து சொல்லுங்க, இது எங்கேர்ந்து வந்துச்சுன்னு. அயர்லாந்துல அக்டோபர் 31, அதான் ஹாலோவீன் ராத்திரி, கெட்ட ஆவிங்க சுத்தும்னு ஒரு நம்பிக்கை, அது வீட்ட அண்டாம இருக்கணும்னு டர்னிப்ப குடைஞ்சு, முகம் வெட்டி, உள்ள வெளக்கு வெப்பாங்க. 19ஆம் நூற்றாண்டுல அந்த ஜனங்க அமெரிக்கா போனப்போ அங்க பெருசா, குடையறதுக்கு வாகா பரங்கிக்காய் கெடைச்சுது, அதுக்கு மாறிட்டாங்க. இப்ப சொல்லுங்க, நம்ம ஊர்ல வீடு கட்றப்போ வெள்ளப் பூசணிக்காய்ல மீச வெச்சு, கண்ண உருட்டி முகம் வரைஞ்சு கட்டித் தொங்கவிடறோமே, அது எதுக்கு? கண்ணு படாம இருக்கத்தானே. ரெண்டும் ஒரே எண்ணம்தான், காய்தான் வேற. இத உங்க அத்தைக்கு நீங்க சொல்றத விட உங்க பையன் சொன்னா இன்னும் நல்லா இருக்கும், 9 வயசுப் பிள்ளைக்கு இந்தக் கதை ரொம்பப் பிடிக்கும்.

இன்னொண்ணும் சொல்லணும், எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம் இது. வெள்ளப் பூசணி ஆசியாவுது, ஆனா பரங்கிக்காய் பொறந்த ஊர் அமெரிக்கக் கண்டம். பரங்கின்னா வெள்ளக்காரன்னுதானே அர்த்தம், கப்பல்ல வந்த காய்க்கு நம்ம ஆளுங்க அப்படியே பேர் வெச்சுட்டாங்க. அப்படி வந்த காய் நம்ம பொங்கல் கூட்டுல ஏறி, மார்கழி மாசம் கோலத்து நடுவுல சாணி உருண்டை மேல அதோட பூவ வெக்கற அளவுக்கு வீட்டுப் பிள்ளையா ஆயிருச்சு. உங்க அத்தை மார்கழில எத்தன வருஷம் அந்தப் பூவ வெச்சிருப்பாங்க, அத பிள்ளைங்ககிட்ட சொல்லச் சொல்லுங்க.

முகத்துக்குப் பதிலா என்ன வெட்டலாம்னா, புள்ளிக் கோலம். நெஜமாத்தான் சொல்றேன், நாங்க மூணு வருஷம் செஞ்சோம். அத்தை மார்க்கர் பேனாவால காய் மேல புள்ளி வெக்கட்டும், அந்தப் புள்ளியில எல்லாம் உங்க வீட்டுக்காரர் டிரில்லால ஓட்டை போடட்டும் (அவர ஒதுங்க விடாதீங்க, "நீயே பாத்துக்கோ"ங்கறது பதில் இல்ல, அவங்கம்மா, அவர் பிள்ளைங்க, கூப்பிட்டு டிரில்லக் கையில குடுங்க). உள்ள வெளக்கு வெச்சு லைட்ட அணைச்சா புள்ளி புள்ளியா வெளிச்சம் விழும், அப்ப உங்க அத்தை முகத்தையும் பாருங்க. மெழுகுவத்தி வேண்டாம், சுத்தி சருகு கெடக்கும், சின்னப் பொண்ணு வேற ஹாலோவீன் டிரஸ் போட்டுட்டு ஓடும், பேட்டரி வெளக்கே போதும். காய்க்குள்ள வழிச்சு எடுக்கற வேலை பிள்ளைங்களுக்கு, கத்தி பெரியவங்களுக்கு. வெட்டின காய் சில நாள்ல பூஞ்சை புடிச்சு அமுங்க ஆரம்பிச்சிரும், அதனால அக்டோபர் 29ஆம் தேதிக்கு முன்னாடி வெட்டாதீங்க. சின்னவளுக்கு ஒரு குட்டிக் காய் தனியா வாங்கிக் குடுத்து, வெட்டாம அவ இஷ்டத்துக்கு முகம் வரையட்டும், சிரிக்கற முகமா.

கொலுவுலயும் இதுக்கு எடம் இருக்கு. கொலுப்படிக்குப் பக்கத்துல பிள்ளைங்க பார்க் கட்டுவாங்கல்ல, அதுல உள்ளங்கை அளவு பம்ப்கின் நாலு, மேப்பிள் இலை கொஞ்சம். இலைய அப்படியே வெச்சா ரெண்டு நாள்ல சுருண்டுரும், பழைய பேப்பர் நடுவுல வெச்சு மேல கனமான புக்க ஏத்தி ஒரு வாரம் விட்டா தட்டையா, கலர் போகாம இருக்கும், இன்னிக்கே ஆரம்பிங்க. பையன் கேப்பான் இலை ஏன் நிறம் மாறுதுன்னு, மஞ்சளும் ஆரஞ்சும் இலைக்குள்ள மொதல்லேர்ந்தே இருக்கு, பச்சயம் மறைச்சிருக்கும், பகல் குறைஞ்சு குளிர் வந்து பச்சயம் சிதைஞ்சதும் அது வெளிய தெரியுது, பரங்கிக்காய்க்கு நிறம் குடுக்கறதும் அதே கரோட்டின் குடும்பம்தான்னு சொல்லுங்க. செவப்பு மட்டும் அந்த நேரத்துல புதுசா உண்டாகறது. நமக்கெல்லாம் ஐப்பசின்னா அடைமழைதானே, இப்படி மரமே தீப்புடிச்ச மாதிரி நிக்கறத உங்க அத்தை வாழ்க்கையில மொத தடவ பாக்கறாங்க. சாயந்தரம் ஒரு நடை கூட்டிட்டுப் போங்க, காலுக்கு சாக்ஸ் மறக்காம.

இப்ப பை. போன வருஷம் தண்ணியா போனதுக்குக் காரணம் நீங்க இல்ல, காய்தான். முகம் வெட்டறதுக்குன்னு விக்கற பெரிய காய் சதை மெல்லிசு, நாரு, தண்ணி, அது சமையலுக்கு ஆகாது. கடையில "பை பம்ப்கின்", "சுகர் பம்ப்கின்"னு சின்னதா குழந்தைத் தல அளவுக்கு இருக்கும், அத வாங்குங்க. இல்லன்னா பட்டர்நட், அது நம்ம பரங்கிக்காய் இனமேதான், டின்ல வர்ற காயும் அந்த இனம்தான். ரெண்டாப் பொளந்து, வெதைய எடுத்துட்டு, கவுத்து வெச்சு 400 டிகிரி ஃபாரன்ஹீட்ல முக்கால் மணியிலேர்ந்து ஒரு மணி நேரம் சுட்டு, சதைய வழிச்சு, மிக்ஸியில அடிச்சு, சுத்தமான வேட்டித் துணியில கட்டி ஒரு மணி நேரம் தொங்க விடுங்க. தண்ணி எறங்கறதப் பாத்தாலே போன வருஷம் என்ன ஆச்சுன்னு புரிஞ்சுரும். டின் வாங்கறதா இருந்தா "பம்ப்கின் பை மிக்ஸ்"னு போட்டத எடுத்துராதீங்க, அதுல சக்கரை, மசாலா எல்லாம் சேத்திருக்கும், வெறும் பம்ப்கின்னு இருக்கணும்.

முட்டையில்லாம செய்யறதுக்கு: 15 அவுன்ஸ் டின் ஒண்ணு இல்ல அதே அளவு அரைச்ச விழுது, 14 அவுன்ஸ் கண்டென்ஸ்டு மில்க் டின் ஒண்ணு, மூணு டேபிள் ஸ்பூன் கார்ன் ஸ்டார்ச், அரை டீஸ்பூன் உப்பு. நம்ம ஊர்ல கார்ன்ஃப்ளார்னு சொல்றமே அதுக்கு அங்க பேர் கார்ன் ஸ்டார்ச், அங்க கார்ன் ஃப்ளார்னு வாங்கினா மஞ்சச் சோள மாவு வந்துரும், கவனம். சக்கரை தனியா வேண்டாம். மசாலா பொடிய பாக்கெட்ல வாங்காதீங்க, அத்தை கையில அம்மிக்குழவியோ உரலோ ஏதாவது குடுங்க. பட்டைப் பொடி ஒரு டீஸ்பூன், சுக்கு அரை, கிராம்பு கால், ஜாதிக்காய் ஒரு சிட்டிகை, அமெரிக்கா முழுக்க மணக்கற அந்த பம்ப்கின் ஸ்பைஸ் இவ்வளவுதான், எல்லாம் உங்க அத்தை பெட்டியில வெச்சுக் கொண்டுவந்திருக்கற சாமான்தான். எல்லாத்தையும் கட்டியில்லாம கலந்து கடையில விக்கற ரெடிமேட் ஓட்டுல (மாவுல செஞ்ச கிண்ணம் மாதிரி, பை க்ரஸ்ட்னு பேர்) ஊத்தி 350ல சுமார் 50 நிமிஷம், ஓரம் கெட்டியாகி நடுவுல லேசா ஆடணும், அப்ப எடுத்துருங்க. ஆற வெச்சு ஃப்ரிட்ஜுல நாலு மணி நேரமாவது இருக்கட்டும், சூடா வெட்டினா ஓடும். ஓடு வாங்கறப்போ லேபிளப் படிங்க, சிலதுல பன்னிக் கொழுப்பு போட்டிருக்கும், லார்டுன்னு எழுதியிருப்பாங்க. கிரஹாம் கிராக்கர் ஓடு வாங்கினா அந்தக் கவலை அனேகமா இருக்காது, ஆனாலும் படிச்சுருங்க. அதே மாதிரி ஹாலோவீன் மிட்டாய்ல மார்ஷ்மெல்லோ, கேண்டி கார்ன் ரெண்டுலயும் ஜெலட்டின் உண்டு, அத்தைக்குக் குடுத்துராதீங்க.

பை செய்யற அன்னிக்கே பாதிக் காய அத்தைகிட்ட குடுத்து பால் கூட்டோ, புளி போட்டோ அவங்க கைப்பக்குவத்துல செய்யச் சொல்லுங்க. சுடாத காயோட தோல சீவி உளுத்தம்பருப்பு, மொளகா, புளியோட வதக்கி அரைச்சா துவையல். வெதைய நார் போக அலசி, துணியில ஒத்தி, கொஞ்சம் எண்ணெய், உப்பு, மொளகாத்தூள் பெரட்டி 325ல இருபது இருபத்தஞ்சு நிமிஷம் வறுத்தா பிள்ளைங்களுக்கு நொறுக்குத் தீனி. காய நறுக்கினா கையில பிசின் ஒட்டி காஞ்சு தோல் இழுக்கும், விரலெல்லாம் மஞ்சளா நிக்கும், எங்கம்மா மொதல்லயே நல்லெண்ணெய் தடவிட்டுதான் அரிவாமணைய எடுப்பாங்க, பிள்ளைங்க கையையும் இழுத்து வெச்சுத் தடவி விடுவாங்க.

ஒரே நாள்ல எல்லாம் வேண்டாம். பண்ணை ஒரு சனிக்கிழமை, கோலம் வெட்டறது அக்டோபர் கடைசி, பைய நவம்பருக்குத் தள்ளுங்க, அது தேங்க்ஸ்கிவிங் பண்டம்தான், நாலாவது வியாழக்கிழமை, எல்லாருக்கும் லீவு, அவசரமில்லாம செய்யலாம். அத்தை ஒரு வாய் சாப்பிட்டுட்டு "நம்ம அல்வா மாதிரி இல்ல"ன்னு சொல்லலாம், சொல்லட்டும், அடுத்த நாள் அந்த அல்வாவக் கிண்டச் சொல்லுங்க, பிள்ளைங்க ரெண்டையும் சாப்பிட்டுப் பாக்கட்டும்.

மிச்சமாகற காயத் துண்டு போட்டு ஒரு வேளைக்கு வேண்டிய அளவு பாக்கெட்ல ஃப்ரீஸர்ல வெச்சுருங்க. விழுதையும் அப்படியே வெக்கலாம், ஆனா விழுத பாட்டில்ல அடைச்சு வெளிய வெக்காதீங்க, கெட்டியா இருக்கறதால உள்ள சூடு சரியா ஏறாது, அது ஆபத்து. ஃப்ரீஸர் பாக்கெட் மேல தேதி எழுதி வையுங்க. ஜனவரியிலயும் அத்தை உங்களோடதானே இருப்பாங்க, பொங்கலன்னிக்கு பல காய் கூட்டுக்கு வெளிய பனிய மிதிச்சுக்கிட்டு கடைக்கு ஓட வேண்டியதில்ல.