எழுத உட்கார்ந்தால் அப்பா வரமாட்டேன் என்கிறார்

மதிப்பிற்குரிய ஆலோசகருக்கு வணக்கம்.

எனக்கு 43 வயது. பெரம்பூரிலிருந்து சென்ட்ரலுக்குத் தினமும் மின்சார ரயிலில் வேலைக்குப் போகிறேன். கல்லூரி நாட்களில் கதை எழுதியதுண்டு. போன வருடம் அப்பா தவறியதிலிருந்து அவரைப் பற்றி எழுத வேண்டும் என்று மனசு அடித்துக்கொள்கிறது. ரயில்பெட்டித் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். வீட்டு வேலை முடித்து இரவு பத்தரைக்கு நோட்டைத் திறந்தால், ‘அப்பா கண்டிப்பானவர், ஆனால் பாசமானவர்’ என்பதற்கு மேல் ஓடவில்லை. அதையும் அடித்துவிட்டு மூடிவிடுகிறேன். ஏதாவது நினைவுக்கு வந்து சொன்னாலும், ‘அப்படி நடக்கவே இல்லையே அக்கா’ என்கிறான் தம்பி. ஆஸ்பத்திரி நாட்களைத் தொட்டால் அழுகைதான் வருகிறது. எழுதும் அளவுக்கு என் வாழ்க்கையில் ஒன்றும் இல்லையோ?

ஒரு வாசகி, பெரம்பூர்

அன்புள்ள சகோதரிக்கு,

நீங்கள் அடித்துவிட்ட அந்த வரியிலேயே சிக்கல் தெரிகிறது. ‘கண்டிப்பானவர்’ என்பது நினைவு அல்ல, பல வருட நினைவுகளிலிருந்து நீங்கள் எடுத்த முடிவு. பொதுவாக நமக்குத் தெரிந்தவை வேறு, ஒரு நாளில் ஓர் இடத்தில் நமக்கு நடந்தது வேறு என்று உளவியலாளர் எண்டெல் டல்விங் 1972இல் பிரித்துக் காட்டினார். கதைக்கு வேண்டியது இரண்டாவது. மனம் சோர்ந்திருக்கும்போது அதுதான் எளிதில் வராது. வாழ்க்கையில் ஒன்றும் இல்லை என்று தோன்றுவது இதனால்தான்.

ஆகவே அப்பா எப்படிப்பட்டவர் என்று யோசிக்காதீர்கள். அவருடைய ஒரு பொருளை எடுத்துக்கொள்ளுங்கள். சாப்பாட்டு டப்பா என்றால், எத்தனை அடுக்கு? மூடி எங்கே நசுங்கியிருந்தது? காலையில் யார் கட்டினார்கள், சாயங்காலம் யார் கழுவினார்கள்? என்றாவது சாப்பாடு அப்படியே திரும்பி வந்ததா? இந்தக் கடைசிக் கேள்வியில்தான் ஒரு குறிப்பிட்ட நாள் கையில் சிக்கும். ‘எப்போதும்’, ‘வழக்கமாக’, ‘அடிக்கடி’ என்று பேனா போனால் அங்கேயே நிறுத்தி, ‘ஒரு நாள்’ என்று மாற்றித் தொடருங்கள். அவருடைய சட்டை பீரோவில் இருந்தால் முகர்ந்து பார்த்துவிட்டு எழுதுங்கள். பார்ப்பதும் கேட்பதும் மூளையில் தலாமஸ் என்ற இடைநிலைப் பகுதி வழியாகச் சுற்றிப் போகின்றன. வாசனையோ உணர்ச்சியையும் நினைவையும் கையாளும் பகுதிகளுக்கு நேராகப் போய்விடும்.

இரவு பத்தரை வேண்டாம், அலுப்பில் குறைதான் கண்ணில் படும். காலை ரயிலில் வியாசர்பாடி ஜீவா, பேசின் பிரிட்ஜ் நிலையங்களைக் கடக்கிற நேரம் மூன்று வரிக்குப் போதும்: பெட்டியில் கண்ணில் பட்டது ஒன்று, காதில் விழுந்த பேச்சு ஒன்று, அது கிளப்பிய பழைய நினைவு ஒன்று. உட்கார இடமில்லாத நாளில் போனில் பேசிப் பதியுங்கள். 14 நாளைக்கு எதையும் அடிக்காதீர்கள், திரும்பப் படிக்கவும் வேண்டாம். எழுதும்போதே திருத்தினால் அடுத்த நினைவு மேலே வருவதற்குள் கதவு சாத்திவிடும்.

தம்பி சொல்வதும் பொய்யாக இருக்க வேண்டியதில்லை. நினைவு என்பது ஒவ்வொரு முறையும் புதிதாகக் கட்டப்படுவது என்று உளவியலாளர் பிரெடரிக் பார்ட்லெட் 1932லேயே எழுதினார். பக்கத்தை இரண்டாக மடித்து, உங்கள் அப்பாவை ஒரு பாதியிலும் அவனுடைய அப்பாவை மறுபாதியிலும் எழுதுங்கள். இருவரும் ஒத்துப்போகாத இடத்தில்தான் கதை இருக்கும் என்று நம்புகிறேன்.

ஆஸ்பத்திரியை இப்போதைக்கு விடுங்கள். அழுகை வருவது தவறே இல்லை, ஆனால் தூங்கப் போகும் நேரத்தில் அதைத் தொட வேண்டாம். பிறகு தயாராகும்போது, உளவியலாளர் ஜேம்ஸ் பென்னிபேக்கர் 1986இல் வெளியிட்ட ஆய்வின் முறை உதவும்: நாளுக்கு 15 நிமிடம், தொடர்ந்து 4 நாள், யாருக்கும் காட்டாமல். பிழை பார்க்க வேண்டாம். விடுமுறை நாட்களில், பகலில் செய்யுங்கள். முடித்ததும் மனம் கனக்கும், பெரும்பாலும் ஓரிரு மணி நேரத்தில் தணிந்துவிடும். தணியாவிட்டால் அந்தப் பகுதியை விட்டுவிட்டு டப்பாவுக்கே திரும்புங்கள். தூக்கமும் பசியும் இரண்டு வாரத்துக்கு மேல் கெட்டிருந்தால், நோட்டை மட்டும் நம்பியிருக்காமல் மனநல ஆலோசகரை நேரில் பாருங்கள். எழுதிய பக்கங்களைக் காட்ட வேண்டிய அவசியம் அங்கும் இல்லை.