பிராக்கில் ஒரு சனிக்கிழமை, முழங்கால் வலியோடு

கேள்வி: அக்டோபர் நடுவில் ஒரு மாநாட்டுக்காக செக் நாட்டுத் தலைநகர் பிராக் போகிறேன். மனைவியும் வருகிறார். சனிக்கிழமை முழுவதும் ஓய்வு, ஞாயிறு காலை விமானம். பழைய நகரச் சதுக்கத்துக்குப் பக்கத்தில்தான் தங்குகிறோம். கோட்டை, சார்லஸ் பாலம், வானியல் கடிகாரம், யூதர் பகுதி, குட்னா ஹோரா என்று பட்டியல் நீண்டுவிட்டது. மனைவிக்கு முழங்கால் வலி உண்டு. எதைப் பார்ப்பது, எதை விடுவது?

பதில்: யூதர் பகுதியைக் கிழமையே அடித்துவிட்டது. சனிக்கிழமை யூதர்களின் ஓய்வு நாள் என்பதால் அங்குள்ள ஜெபக்கூடங்களும் பழைய கல்லறையும் திறக்காது. தெருவில் நின்று வெளிச்சுவரைப் பார்த்துவிட்டு வரலாம், அவ்வளவுதான். குட்னா ஹோராவுக்கு ரயிலில் போக மட்டுமே ஒரு மணி நேரம் ஆகும். ஒரே நாளை வைத்துக்கொண்டு அதை நினைக்கவே வேண்டாம். மிச்சம் மூன்று: பாலம், கோட்டை, கடிகாரம். முழங்காலுக்கு ஏற்ப நேரத்தை அமைத்துக்கொண்டால் மூன்றையும் நிதானமாகப் பார்க்கலாம்.

அந்தப் பருவத்தில் ஏழேகால், ஏழரைக்குத்தான் பொழுது விடியும். அந்த நேரத்தில் பாலத்தில் இருங்கள். 1357-இல் நான்காம் சார்லஸ் மன்னர் காலத்தில் தொடங்கிய இந்தக் கற்பாலத்தின் நீளம் 516 மீட்டர். படிகள் ஏற வேண்டியதில்லை. பத்து மணிக்கு மேல் போனால் முப்பது சிலைகளில் ஒன்றைக்கூட நின்று பார்க்க முடியாது. கூட்டம் தள்ளிக்கொண்டு போய்விடும். நெபோமுக் யோவான் என்ற பாதிரியாரின் சிலை 1683-இல் வைத்தது. 1393-இல் இதே பாலத்திலிருந்து அவரை ஆற்றில் வீசினார்கள். சிலையின் அடியில் உள்ள வெண்கலப் பலகை கறுத்துக் கிடக்கும். அவர் தலைகீழாக விழும் இடம் மட்டும் கைபட்டுக் கைபட்டுத் தேய்த்த குத்துவிளக்குபோல மின்னும். தொட்டால் மறுபடி பிராக் வரலாம் என்று ஒரு நம்பிக்கை.

பாலம் முடியும் கரையில் மலோஸ்ட்ரான்ஸ்கே சதுக்கம் இருக்கிறது. அங்கே 22-ஆம் எண் டிராமைப் பிடித்து 'பிராஷ்ஸ்கி ஹிராட்' நிறுத்தத்தில் இறங்குங்கள். அது கோட்டையின் பின்புறம், ஏறக்குறைய சமதளம். கீழிருந்து படியேறிப் போகும் கூட்டத்தோடு சேர வேண்டாம். டிக்கெட்டை டிராமுக்குள் இருக்கும் இயந்திரத்தில் வங்கி அட்டையாலேயே எடுக்கலாம். காகித டிக்கெட் என்றால் ஏறியதும் மஞ்சள் பெட்டியில் முத்திரை குத்த மறக்காதீர்கள்; குத்தாத டிக்கெட்டுக்கும் அபராதம் உண்டு.

கோட்டை முற்றங்களுக்குக் கட்டணம் இல்லை, கட்டடங்களுக்குள் போகத்தான் டிக்கெட். ஒன்பது மணிக்குத் திறக்கும்போதே செயின்ட் விட்டஸ் பேராலயத்துக்குள் போய்விடுங்கள். 1344-இல் அடிக்கல் நாட்டி, இடையில் நூற்றாண்டுக் கணக்கில் கிடப்பில் போட்டு, 1929-இல்தான் முடித்தார்கள். எல்லோரும் பழமை என்று நினைத்துப் படம் எடுக்கும் மேற்கு முகப்புதான் உண்மையில் வயதில் இளையது. அடுத்து பொற்சந்து. கோட்டைச் சுவரோடு ஒட்டிய பொம்மை வீடுகள் போன்ற வரிசை. அதில் 22-ஆம் எண் வீட்டில் 1916-17 குளிர்காலத்தில் எழுத்தாளர் காஃப்கா உட்கார்ந்து எழுதினார். பன்னிரண்டு மணிக்கு வெளி முற்றத்தில் காவலர் மாறும் சடங்கு நடக்கும். நேரம் ஒத்து வந்தால் பாருங்கள், காத்திருக்கும் அளவுக்கு ஒன்றும் இல்லை.

இப்போதுதான் கவனம் தேவை. மூட்டு வலிக்கு ஏறுவதைவிட இறங்குவதுதான் பாடு. கிழக்கு வாயிலில் உள்ள பழைய படிக்கட்டு அழகானது என்று யார் சொன்னாலும் அந்தப் பக்கம் போகாதீர்கள். வலி இருந்தால் வந்த டிராமிலேயே திரும்புங்கள். காலையில் கால் நன்றாக இருந்தால் நெருடோவா தெருச் சரிவில் மெல்ல இறங்கலாம். வீட்டு எண்கள் வருவதற்கு முந்தைய அடையாளங்களை வாசல்களுக்கு மேல் காணலாம்: இரண்டு சூரியன், மூன்று பிடில். பிடில் வீட்டில் வயலின் செய்யும் குடும்பம் இருந்தது. தரை முழுக்கக் கருங்கல் பாவியது, செருப்பு வேண்டாம், ஷூ போடுங்கள்.

மதியம் சாப்பிட்டு அறையில் இரண்டு மணி நேரம் படுத்து எழுந்திருங்கள். சைவம் என்றால் பாலாடைக் கட்டியை ரொட்டித்தூளில் புரட்டிப் பொரித்து உருளைக்கிழங்கோடு தருவார்கள். எந்தச் சாதாரண உணவகத்திலும் கிடைக்கும். செலவுக்கு செக் கொருனாதான், யூரோ அல்ல. தெருவில் பணம் மாற்றும் கடைகளை விட்டுவிட்டு வங்கி ஏ.டி.எம்.-இல் எடுங்கள். அது உங்கள் நாட்டுப் பணமாக மாற்றிக் காட்டினால் மறுத்துவிட்டு, கொருனாவிலேயே கணக்கு வைக்கச் சொல்லுங்கள்.

மாலைக்கு, பழைய நகரச் சதுக்கத்தில் நகர மன்றக் கோபுரத்தில் இருக்கும் வானியல் கடிகாரம். 1410-இல் செய்தது. மணிக்கு மணி எலும்புக்கூடு பொம்மை மணியடிக்க, இயேசுவின் சீடர்களான அப்போஸ்தலர்களின் பொம்மைகள் சன்னலில் வந்து போகும். ஒரு நிமிடம்கூட நீடிக்காது. அந்த ஒரு நிமிடத்துக்காக அண்ணாந்து நிற்கும் கூட்டத்தில்தான் ஜேப்படிக்காரர்களும் நிற்பார்கள். கூட்டம் கலைந்த பின் முகப்பைப் படியுங்கள். சுற்றிலும் நகரும் வெளி வளையத்தில் பொன்னிறத்தில் 24 எண்கள். அது பழைய போஹீமிய, அதாவது செக், நேரக் கணக்கு. நாம் நாழிகையைச் சூரிய உதயத்திலிருந்து எண்ணினோம், அவர்கள் அஸ்தமனத்திலிருந்து எண்ணினார்கள். சூரியன் மறையும் ஆறு மணி வாக்கில் போனால் முள்ளின் நுனி அந்த 24-ஐ நெருங்குவதைக் கண்ணால் பார்க்கலாம். இதைச் செய்தவரின் கண்களை நகர மன்றம் குருடாக்கியது என்று வழிகாட்டிகள் சொல்வார்கள், கட்டுக்கதை.

ஒரு தகவல்: சங்க இலக்கியத்தை ஐரோப்பாவுக்கு எடுத்துச் சொன்ன கமில் சுவலபில் 1927-இல் பிராக்கில் பிறந்தவர். 1968 சோவியத் படையெடுப்புக்குப் பிறகு வெளிநாடு போய்விட்டார்.

இருட்டிய பின் நகர மன்றக் கோபுரத்தில் ஏறுங்கள். மேலே போக லிஃப்ட் இருக்கிறது. அதைக் கடைசிக்கு வைத்ததே உங்கள் மனைவிக்காகத்தான்.