முள் எப்போது ஏறுகிறது? பழைய கார்களின் சூடு பற்றி வாசகர் கேள்விகள்

சித்திரை பிறந்தால் எனக்கு வரும் கடிதங்களின் குரல் மாறிவிடும். மார்கழியில் கிளம்ப மறுக்கும் வண்டிகள், இப்போது கொதிக்கும் வண்டிகள். இம்முறை வந்த பலவற்றில் இதுவரை மாற்றிய பாகங்களின் பட்டியல் நீளமாக இருக்கிறது. வண்டி எப்போது சூடாகிறது என்ற ஒரு வரிதான் இல்லை. வைத்தியரிடம் பழைய மருந்துச் சீட்டுகளை நீட்டிவிட்டு எங்கே வலிக்கிறது என்று சொல்லாமல் உட்கார்ந்திருப்பதைப் போன்றது இது. அந்த வரியை எழுதியவருக்கு முதல் பதில்.

கேள்வி (மதுரை): மாருதி 800, 1999 மாடல், கார்புரேட்டர் வண்டி. ஊருக்குள் சிக்னலில் நின்றால் சூடு காட்டும் முள் ஏறுகிறது. நான்கு வழிச் சாலையில் போனால் தானாக இறங்கிவிடுகிறது. ரேடியேட்டரை மாற்றச் சொல்கிறார் மெக்கானிக். மாற்றலாமா?

இப்போதைக்கு வேண்டாம். வண்டி ஓடும்போது எதிர்க்காற்றே ரேடியேட்டரைக் குளிர்விக்கிறது. நின்றுவிட்டால் அந்தக் காற்றை விசிறிதான் இழுத்துத் தர வேண்டும். ஓட்டத்தில் நலம், நின்றால் சூடு என்றால் முதல் சந்தேகம் விசிறியின் மேல். நீங்கள் எழுதியதற்கு நேர்மாறாக, ஊருக்குள் ஒழுங்காக இருந்து நெடுஞ்சாலையில் முள் ஏறினால்தான் ரேடியேட்டர் அடைப்பு, வாட்டர் பம்ப் என்று யோசிக்க வேண்டும்.

வண்டியை நிழலில் நிறுத்தி எஞ்சினை ஓடவிட்டு, முள் பாதியைத் தாண்டும்போது விசிறி சுழல்கிறதா என்று பாருங்கள். சுழலவில்லை என்றால் முதலில் ஃபியூஸ். அது நன்றாக இருந்தால், எஞ்சினை அணைத்து, சாவியை மட்டும் ஆன் நிலையில் வைத்து, விசிறிக்கான வெப்ப சுவிட்சின் இணைப்பைக் கழற்றுங்கள். இரண்டு கம்பி இருந்தால் இரண்டையும் ஒரு துண்டுக் கம்பியால் இணையுங்கள். ஒற்றைக் கம்பி என்றால் அதை எஞ்சினின் உலோகத்தில் தொடுங்கள். விசிறி சுழன்றால் குற்றவாளி சுவிட்ச். அசையாவிட்டால் மோட்டார், ரிலே அல்லது இடையில் உள்ள கம்பி. ஆனால், எம்.பி.எஃப்.ஐ. (கார்புரேட்டர் இல்லாமல் கம்ப்யூட்டர் கட்டுப்பாட்டில் பெட்ரோலைப் பீச்சும்) வண்டிகளின் சென்சாரில் இந்த விளையாட்டு வேண்டாம்.

விசிறி சுழல்கிறது, ஆனாலும் சூடு குறையவில்லை என்றால் ஒரு காகிதத்தை ரேடியேட்டரின் முன்பக்கம் பிடியுங்கள். காற்று உள்ளே இழுத்தால் அது ஒட்டிக்கொள்ளும். தள்ளினால், யாரோ மோட்டாரை மாற்றும்போது இரண்டு கம்பிகளையும் இடம் மாற்றி விட்டிருக்கிறார்கள். விசிறி தலைகீழாகச் சுழன்று எதிர்க்காற்றோடு மல்லுக்கட்டுகிறது. இப்படி ஒரு வண்டிக்கு இரண்டு ரேடியேட்டர் மாற்றியிருந்ததை நானே பார்த்திருக்கிறேன்.

கேள்வி (வேலூர்): எங்கள் ஊர் வெயிலுக்குத் தெர்மோஸ்டாட் எதற்கு? கழற்றிவிட்டால் வண்டி குளிர்ச்சியாக ஓடும் என்கிறார்களே?

இதைச் சொல்லாத பட்டறை குறைவு. எனக்கு இதில் கொஞ்சம் கோபமே உண்டு. வெளியே 42 டிகிரி இருந்தாலும் எஞ்சினுக்கு அது குளிர்தான். அது தேடும் சூடு ஏறத்தாழ 85 முதல் 95 டிகிரி செல்சியஸ். அந்தச் சூட்டில்தான் எண்ணெய் சரியான இளக்கத்தில் ஓடும், பெட்ரோல் முழுதாக ஆவியாகும், பிஸ்டனுக்கும் சிலிண்டருக்கும் உள்ள இடைவெளி அளவாக அமையும். தெர்மோஸ்டாட் என்பது மெழுகு அடைத்த சிறிய செப்புக் குப்பி. சூட்டில் மெழுகு விரிந்து, ரேடியேட்டருக்குத் தண்ணீர் போகும் வால்வைத் தள்ளித் திறக்கும். அதற்கு மின்சாரம் வேண்டாம், கம்ப்யூட்டர் வேண்டாம். இவ்வளவு எளிய பொருளின் மேல் நம் ஊரில் ஏன் இத்தனை வன்மம் என்று எனக்குப் புரிந்ததில்லை.

கழற்றினால் என்ன ஆகும்? நெடுஞ்சாலையில் எஞ்சின் சூடேறாமலே ஓடும், பெட்ரோல் கூடுதலாகக் குடிக்கும், சிலிண்டர் சீக்கிரம் தேயும். இதைவிட வேடிக்கை ஒன்று உண்டு. சில எஞ்சின்களில் தெர்மோஸ்டாட் திறக்கும்போதே அதன் அடிப்பக்கத் தட்டு, ரேடியேட்டருக்குப் போகாமல் எஞ்சினுக்கே திரும்பும் பக்கவழியை மூடும்படி அமைத்திருப்பார்கள். அதைக் கழற்றினால் பக்கவழி எப்போதும் திறந்தே கிடக்கும். சுடுநீரில் ஒரு பங்கு ரேடியேட்டர் பக்கமே போகாமல் எஞ்சினுக்குள்ளேயே சுற்றும். குளிரட்டும் என்று கழற்றிய வண்டி முன்பைவிட அதிகமாகக் கொதிக்கும்.

சந்தேகம் இருந்தால் சோதித்துப் பாருங்கள். ஒரு பழைய பாத்திரத்தில் தண்ணீர் வைத்து, தெர்மோஸ்டாட்டை நூலில் கட்டி, பாத்திரத்தின் அடியைத் தொடாமல் தொங்கவிடுங்கள். பக்கத்தில் 110 டிகிரி வரை காட்டும் வெப்பமானி இருக்கட்டும், காய்ச்சல் பார்க்கும் வெப்பமானி வெடித்துவிடும். தெர்மோஸ்டாட்டின் விளிம்பில் 82 என்று பொறித்திருந்தால் அதை ஒட்டிய சூட்டில் வால்வு அசையத் தொடங்கி, மேலும் பத்துப் பன்னிரண்டு டிகிரியில் நன்றாகத் திறக்க வேண்டும். தண்ணீர் கொதித்தும் திறக்கவில்லை என்றால் குப்பைக்கு. பாத்திரத்தைத் திரும்பச் சமையலுக்கு எடுக்காதீர்கள். புதியதைப் பொருத்தும்போது அதன் தட்டில் ஆடும் சிறு ஊசி மேல்பக்கமாக இருக்கட்டும், உள்ளே சிக்கிய காற்று வெளியேறும் வழி அதுதான்.

கேள்வி (திருப்பூர்): அம்பாசிடருக்குக் குழாய்த் தண்ணீரே போதும் என்று அப்பா சொல்வார். கூலன்ட் தேவையா? பச்சையா, சிவப்பா?

அப்பா காலத்துச் செம்பு ரேடியேட்டரும் இரும்பு ஹெட்டும் (சிலிண்டர்களின் மேல்மூடி) நிறையப் பொறுத்துக்கொண்டன. ஆனாலும் போர்வெல் தண்ணீரை ஊற்றிய ரேடியேட்டரை ஒருமுறை பிரித்துப் பாருங்கள். வீட்டில் வெந்நீர்ப் பானையின் அடியில் படியும் அதே வெள்ளைக் காரை குழாய்களுக்குள் படிந்திருக்கும். சூடு வெளியேற அது போர்வை போர்த்தியது போல. உப்புத் தண்ணீர் என்றால் துருவும் சேர்ந்துகொள்ளும்.

நம் ஊரில் உறைபனிக்காகக் கூலன்ட் ஊற்றவில்லை. துருவைத் தடுக்கவும், கொதிநிலையை ஏற்றவும், வாட்டர் பம்பின் சீலைக் காக்கவும் ஊற்றுகிறோம். பாதிக்குப் பாதி கலவை தாராளம். கலக்கும் தண்ணீர் டிஸ்டில்டு வாட்டராக இருக்கட்டும், பேட்டரிக் கடையில் கிடைக்கும். டப்பாவில் ‘அப்படியே ஊற்றவும்’ என்று போட்டிருந்தால் அது ஏற்கெனவே கலந்தது, மறுபடி தண்ணீர் சேர்க்காதீர்கள்.

நிறத்தை நம்பாதீர்கள். அது கம்பெனி போடும் சாயம், எல்லோருக்கும் பொதுவான விதி கிடையாது. டப்பாவின் பின்பக்கம் ஐ.எஸ். 5759 அல்லது ஜே.ஐ.எஸ். கே 2234 என்ற தர எண் இருக்கிறதா என்று பாருங்கள். வேறு வகைக்கு மாற வேண்டும் என்றால் பழையதை முழுதாக வடித்துக் கழுவிய பிறகே.

கேள்வி (தஞ்சாவூர்): ரேடியேட்டர் ஒழுகினால் மஞ்சள் தூள் போடலாமா?

லாரி ஓட்டுநர்களின் கைமருந்து, ஊர் போய்ச் சேர உதவும். ஊர் சேர்ந்ததும் ரேடியேட்டரைக் கழற்றிக் கழுவுங்கள். ஓட்டையை அடைக்கும் தூளுக்கு, ஓட்டை எது, குழாய் எது என்று தெரியாது. கடையில் விற்கும் கசிவடைப்பான்களுக்கும் இதே தீர்ப்பு. செம்பு ரேடியேட்டர் என்றால் ஈயம் வைத்து அடைக்கலாம். அலுமினியமும் பிளாஸ்டிக்கும் சேர்ந்த ரேடியேட்டரில் பிளாஸ்டிக் தொட்டி விரிசல் விட்டிருந்தால் புதிது வாங்குவதே லாபம்.

கேள்வி (ஈரோடு): சமவெளியில் பிரச்சினை இல்லை. ஊட்டிக்கு ஏறினால் மட்டும் கொதித்து வழிகிறது. எல்லாம் புதிது போட்டாகிவிட்டது.

மூடி? உங்கள் பட்டியலில் அது இல்லை. ரேடியேட்டர் மூடியைப் பலரும் தண்ணீர் சிந்தாமல் இருக்கப் போட்ட தட்டு என்றே நினைக்கிறார்கள். அது ஒரு அழுத்த வால்வு, பிரஷர் குக்கரின் வெயிட்டுக்கு உறவு. அதன் தலையில் 0.9 என்று இருந்தால் 0.9 பார் அழுத்தம் வரை தாங்கிப் பிடிக்கும். அதனால்தான் கடல் மட்டத்தில் 100 டிகிரியில் கொதிக்கும் வெறும் தண்ணீர், ரேடியேட்டருக்குள் 119 டிகிரி வரை கொதிக்காமல் இருக்கிறது.

ஊட்டி கடல் மட்டத்திலிருந்து 2,240 மீட்டர். அங்கே திறந்த பாத்திரத்தில் தண்ணீர் ஏறத்தாழ 92 டிகிரியிலேயே கொதித்துவிடும். மூடியின் ஸ்பிரிங் தளர்ந்தோ ரப்பர் வெடித்தோ இருந்தால், எஞ்சினின் இயல்பான சூடே அங்கே கொதிநிலை. சமவெளியில் ஒளிந்துகொண்ட குறை மலையில் வெளிப்படுகிறது. அதே எண் உள்ள புதிய மூடி போடுங்கள். கூடுதல் எண் போட்டால் நல்லது என்று நினைத்தால் பழைய ஹோஸ் (ரப்பர் குழாய்)தான் வெடிக்கும். ஏறும்போது ஏசியை அணைத்து, கியரைக் குறைத்து எஞ்சினைக் கொஞ்சம் வேகமாகச் சுழலவிடுங்கள். பெல்ட்டில் ஓடும் பம்பும் விசிறியும் அப்போதுதான் வேலை செய்யும்.

கேள்வி (கரூர்): காலையில் பார்த்தால் ரேடியேட்டர் ஹோஸ் சப்பி ஒட்டிக் கிடக்கிறது.

மேலே சொன்ன அதே மூடி. அதன் நடுவில் உள்ள சிறு வால்வு, எஞ்சின் ஆறும்போது ரிசர்வ் தொட்டியிலிருந்து கூலன்டைத் திரும்ப இழுக்க வேண்டும். அது ஒட்டிக்கொண்டாலோ, தொட்டிக்குப் போகும் சிறு குழாய் அடைத்தாலோ உள்ளே வெற்றிடம் ஏற்பட்டு ஹோஸ் சப்பிவிடும்.

கேள்வி (சேலம்): எஸ்டீம், 2003. வாரம் அரை லிட்டர் தண்ணீர் குறைகிறது. கீழே ஒரு சொட்டு இல்லை. ஹெட் கேஸ்கெட் என்று பயமுறுத்துகிறார்கள்.

ஹெட் கேஸ்கெட் என்பது ஹெட்டுக்கும் எஞ்சினுக்கும் நடுவே கசியாமல் அடைக்கும் தகடு. பயப்படும் முன் மற்ற வழிகளைப் பார்த்துவிடலாம். சூடான பாகத்தின் மேல் சொட்டும் நீர் தரைக்கு வராமலே காய்ந்து, வெள்ளையாகவோ பச்சையாகவோ கறை விட்டிருக்கும். வாட்டர் பம்பின் அடியில் வேண்டுமென்றே விட்ட ஒரு சிறு துளை உண்டு, அங்கே கறை இருந்தால் சீல் போய்விட்டது. முன் இருக்கைக்கு முன்னுள்ள கம்பளம் ஈரமாக இருந்தால் ஹீட்டர். நல்ல பட்டறையில் கைப்பம்பு வைத்த அழுத்தமானி இருக்கும். ஆறிய எஞ்சினில் அதைப் பொருத்தி, மூடியின் அளவுக்கு அழுத்தம் ஏற்றிக் கால் மணி நேரம் காத்திருக்கச் சொல்லுங்கள். முள் இறங்கினால் எங்கோ கசிகிறது.

வெளியே எதுவும் இல்லை என்றால் காலையில், எஞ்சின் முழுக்கக் குளிர்ந்திருக்கும்போது, மூடியைத் திறந்து வைத்துக் கிளப்புங்கள். குமிழ்கள் விடாமல் வருகின்றனவா? மூடியைப் போட்டு ஓட்டினால், சூடேறும் முன்பே மேல் ஹோஸ் கல்லாக இறுகுகிறதா? எஞ்சின் எண்ணெய் பால் டீ நிறத்தில் இருக்கிறதா? சூடான பிறகும் வெள்ளைப் புகை வருகிறதா? இவற்றில் இரண்டு இருந்தால் மெக்கானிக் சொன்னது சரி.

அப்படியானால் கேஸ்கெட்டை மட்டும் மாற்றி மூடிவிடாதீர்கள். அலுமினிய ஹெட் சூட்டில் வளையும். நேர்கோல் வைத்துப் பார்க்கையில் 0.05 மி.மீ.க்கு மேல் வளைவு இருந்தால் லேத்துக்கு அனுப்பிச் சமன் செய்ய வேண்டும். போல்ட்டுகளை நடுவிலிருந்து வெளிப்பக்கமாக, பல சுற்றுகளில், இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் கொண்டு இறுக்க வேண்டும். ‘கை அளவு தெரியும் சார்’ என்பவரிடம் இந்த வேலையைக் கொடுக்காதீர்கள்.

கேள்வி (நாகர்கோவில்): நடுவழியில் கொதித்துவிட்டால் உடனே தண்ணீர் ஊற்றலாமா?

கூடாது. ஏசியை அணைத்து, ஹீட்டர் இருந்தால் முழுச் சூட்டில் திறந்து, ஓரம் கட்டுங்கள். ஹீட்டர் என்பது ஒரு குட்டி ரேடியேட்டர், நமக்கு வேர்த்தாலும் எஞ்சினுக்கு ஆறுதல். நிறுத்தியபின் குறைந்தது அரை மணி நேரம் மூடியைத் தொடாதீர்கள். எனக்கு இருபத்திரண்டு வயதில் ஈரத்துணியின் துணிச்சலில் ஒரு மூடியைத் திறந்தேன். அந்தத் தழும்பு வலது முன்கையில் இன்னும் இருக்கிறது. ஆறிய பிறகு எஞ்சினை ஓடவிட்டுக்கொண்டே கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுங்கள். கொதித்த உலோகத்தில் குளிர்நீர் ஒரே வாளியாக விழுந்தால் ஹெட் விரிசல் விடும்.

கேள்வி (புதுச்சேரி): வடித்த பழைய கூலன்டைச் சாக்கடையில் விடலாமா?

வேண்டாம். அதில் உள்ள எத்திலீன் கிளைக்கால் இனிக்கும், நஞ்சு. தெருநாயும் பூனையும் நக்கினால் சிறுநீரகம் கெட்டுச் சாகும், குழந்தைகளுக்கும் அதே ஆபத்து. மூடியுள்ள கேனில் பிடித்து, பெயர் எழுதி, பழைய எண்ணெய் சேகரிக்கும் பட்டறையில் கேட்டுக் கொடுங்கள். குடிநீர் பாட்டிலில் மட்டும் பிடித்து வைக்காதீர்கள்.