நண்பர்களுக்குச் சம்பளமா, பங்கா?

கேள்வி: எனக்கு வயது 29. எட்டு ஆண்டுகளுக்கு முன் உசிலம்பட்டி பக்கத்துக் கிராமத்திலிருந்து சென்னைக்கு வந்து, நீண்ட காத்திருப்புக்குப் பின் சினிமாவில் நாயகனாக நடித்து வருகிறேன். முதல் படத்துக்கு 2 லட்சமும் அடுத்ததற்கு 10 லட்சமும் சம்பளம். இரண்டாவது படம் நன்றாக ஓடியதால் இப்போது 60 லட்சத்துக்கு ஒரு படத்தில் நடித்துக்கொண்டிருக்கிறேன். தலா 80 லட்சத்துக்கு மேலும் இரண்டு படங்கள் ஒப்பந்தமாகி, 10 லட்சம் வீதம் அட்வான்ஸும் வந்துவிட்டது. நடப்புப் படத்தில் 40 லட்சம் வந்திருக்கிறது. டப்பிங் முடிந்ததும் மீதி 20 லட்சம் தருவதாகப் பேச்சு. ஜிஎஸ்டியும் சேர்த்து இந்த நிதியாண்டில் என் கணக்குக்கு வந்த தொகை 64.8 லட்சம். கையிருப்பு 31 லட்சம்.

சாலிகிராமத்தில் மூன்று நண்பர்களுடன் ஒரே வீட்டில் வசிக்கிறேன். வாய்ப்பில்லாத நான்கு ஆண்டுகளும் என் பங்கான மாதம் 6,000 ரூபாயை அவர்களே போட்டுச் சமாளித்தார்கள். ஒருவர் என் கால்ஷீட்டையும் தயாரிப்பாளர்களிடம் பேசுவதையும் கவனிக்கிறார். இன்னொருவர் வண்டி ஓட்டுவதுடன் வரவு செலவும் பார்க்கிறார். அவசரத் தேவைக்காக நான் கையெழுத்திட்ட சில காசோலைகள் அவரிடம் இருக்கின்றன. மூன்றாமவர் உதவி இயக்குநர். ஆளுக்கு 10 சதவீதம் என்று வாய்மொழியாகப் பேசி வைத்திருக்கிறோம். உதவி இயக்குநர் நண்பரின் முதல் படத்தை 2 கோடியில் நானே தயாரித்து நடிக்க வேண்டும் என்று எல்லோருக்கும் ஆசை. நான் 50 லட்சம் போட்டால், மீதி 1.5 கோடியை என் கையெழுத்தின் பேரில் மூன்று வட்டிக்குத் தர ஒரு பைனான்சியர் இருக்கிறார். வீடு வாங்கவும் எண்ணம். எனக்கு வங்கிக் கடன் கிடைக்காததால், அரசு ஊழியரான ஒரு நண்பரின் அண்ணன் பெயரில் வாங்கி, தவணையை நான் கட்டலாம் என்கிறார்கள். எதை முதலில் செய்வது?

பதில்: முதலில் அந்த 31 லட்சத்தைப் பார்ப்போம், உங்கள் மற்ற கேள்விகள் எல்லாம் அந்தத் தொகை உங்களுடையது என்ற நம்பிக்கையின் மேல்தான் நிற்கின்றன. இந்த ஆண்டு நீங்கள் ஈட்டிய தொகை 60 லட்சம். அதன் மீது 18 சதவீத ஜிஎஸ்டியாகத் தயாரிப்பாளர்கள் தந்த 10.8 லட்சத்தைக் கூட்டி, அவர்கள் பிடித்த 10 சதவீத டிடிஎஸ் (உங்கள் பெயரில் வரித்துறைக்கு முன்கூட்டியே கட்டப்படும் வரி) 6 லட்சத்தைக் கழித்தால் நீங்கள் குறிப்பிட்ட 64.8 லட்சம் வருகிறது. ஜிஎஸ்டி தொகை அரசுக்குச் சேர வேண்டியது. சேவைத் தொழிலில் அட்வான்ஸ் கைக்கு வந்த போதே அதற்கான ஜிஎஸ்டி பொறுப்பும் வந்துவிடுகிறது. அது கட்டப்பட்டதா என்று நீங்கள் எழுதவில்லை. இன்னும் படப்பிடிப்பே தொடங்காத இரண்டு படங்களின் அட்வான்ஸ் 20 லட்சத்தையும் உங்கள் பணம் என்று நான் எண்ண மாட்டேன். படம் கைவிடப்பட்டாலோ, தேதிச் சிக்கல் வந்தாலோ முதலில் திருப்பிக் கேட்கப்படுவது அதுதான். அட்வான்ஸ் வாங்கிய படத்தை முடித்த பிறகே அடுத்த படத்துக்குப் போக வேண்டும் என்று தயாரிப்பாளர் சங்கம் 2024 ஜூலையில் தீர்மானம் போட்டதை நீங்களும் அறிவீர்கள். ஆகவே 31 லட்சத்தில் 20 லட்சத்தைக் கழித்தால் 11 லட்சம். ஜிஎஸ்டி கட்டப்படாமல் இருந்தால், தாமத வட்டியைச் சேர்க்காமலே, உண்மையில் உங்களுக்கென்று மிஞ்சுவது 20 ஆயிரம் ரூபாய். இந்த இருபதாயிரத்தை வைத்துக்கொண்டுதான் நீங்கள் நால்வரும் 2 கோடிப் படத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறீர்கள்.

டப்பிங்குக்குப் பின் வரவேண்டிய 20 லட்சத்தையும் வரும்வரை சுழியமாகவே வைத்துக்கொள்ளுங்கள். ரிலீஸுக்கு முந்தைய இரவு பைனான்சியரின் பாக்கி தீராமல் படம் முடங்கி நிற்க, நாயகன் தன் சம்பள மீதியை விட்டுக்கொடுத்துப் படத்தை வெளியே கொண்டுவந்த கதைகளை உங்கள் துறையில் யாரும் உங்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. முழுத் தொகையையும் டப்பிங்குக்கு முன்பே தீர்த்துவிடும்படி அடுத்த இரு ஒப்பந்தங்களில் எழுதி வாங்குவது உங்கள் மேலாளர்-நண்பரின் முதல் வேலையாக இருக்கட்டும்.

வருமான வரியைப் பொறுத்தவரை இந்த ஆண்டு உங்களுக்குச் சாதகமானது, அதனாலேயே ஆபத்தானது. (2026 ஏப்ரல் 1 முதல் புதிய வருமான வரிச் சட்டத்தில் பிரிவு எண்கள் மாறுவதால், எண்களை விட்டு விதிகளை மட்டும் சொல்கிறேன்.) திரைக் கலைஞர்கள் ரொக்க வரவு 5 சதவீதத்தைத் தாண்டாதவரை, ஆண்டு வரவு 75 லட்சம் வரை, அதில் பாதியை மட்டும் வருமானமாகக் காட்டும் உத்தேச முறையைத் தேர்ந்தெடுக்கலாம். அதன்படி உங்கள் வருமானம் 30 லட்சம். 2025 பட்ஜெட் அறிவித்த புதிய முறை விகிதங்களில் வரி, செஸ் என்ற கூடுதல் வரி உட்பட, 4,99,200 ரூபாய். டிடிஎஸ்ஸாகவே 6 லட்சம் போயிருப்பதால் ஒரு லட்சம் ரூபாய் திரும்பக்கூட வரும். அடுத்த ஆண்டு நிலைமை தலைகீழ். இரண்டு படங்களின் மீதி 140 லட்சமும் இந்தப் படத்தின் 20 லட்சமும் வந்தால் வரவு 160 லட்சம். உத்தேச முறைக்கு இடமில்லை, கணக்குப் புத்தகமும் தணிக்கையும் கட்டாயம். தொழிற்செலவாக 35 லட்சத்தைக் காட்ட முடிந்தாலும், எஞ்சிய 125 லட்சத்துக்கு சர்சார்ஜ் (அதிக வருமானத்துக்கான கூடுதல் வரி), செஸ் சேர்த்து ஏறக்குறைய 39.8 லட்சம் வரி வரும். பிடிக்கப்பட்டிருக்கும் டிடிஎஸ் 16 லட்சம் மட்டுமே. அந்த 23.8 லட்ச இடைவெளியை ஜூன் 15, செப்டம்பர் 15, டிசம்பர் 15, மார்ச் 15 ஆகிய நான்கு தேதிகளில் முன்கூட்டிய வரியாகக் கட்ட வேண்டும். தவறினால் மாதம் 1 சதவீதம் வட்டி. "டிடிஎஸ் பிடித்துவிட்டார்களே, வரி முடிந்தது" என்று நம்பி முதல் பெரிய சம்பள ஆண்டில் மாட்டிக்கொள்ளும் கலைஞர்களைத்தான் நான் அதிகம் சந்திக்கிறேன். ஒரு தொகை வந்த அன்றே ஜிஎஸ்டியை ஒரு கணக்குக்கும், ஈட்டிய தொகையில் 20 சதவீதத்தை வரிக்கென இன்னொரு கணக்குக்கும் மாற்றிவிடுங்கள். தொடங்காத படங்களின் அட்வான்ஸ், முதல் நாள் படப்பிடிப்பு வரை வைப்புத்தொகையில் இருக்கட்டும்.

இனி நண்பர்கள். நீங்கள் அவர்களுக்குக் கடமைப்பட்டவர் என்பதில் ஐயமில்லை. ஆனால் பழைய உதவி, இன்றைய உழைப்பு, நாளைய கனவு ஆகிய மூன்றும் ஒரே 10 சதவீதத்துக்குள் போட்டு மூடப்பட்டிருக்கின்றன. அவற்றைத் தனித்தனியாகப் பிரித்தால் ஒவ்வொன்றுக்கும் நியாயமான ஒரு விலை கிடைக்கும். பழைய உதவி என்பது 48 மாதங்களுக்கு 6,000 வீதம் 2,88,000 ரூபாய். மூவரும் சமமாகப் போட்டிருந்தால் ஆளுக்கு 96,000. அதை நியாயமான வட்டியுடன் ஆளுக்கு 1,25,000 என்று முழுமைப்படுத்தி, கடன் தீர்ந்தது என்று ஒரு பக்கக் கடிதம் எழுதி, வங்கி வழியாகவே கொடுத்துவிடுங்கள். கடிதம் ஏன் என்று கேட்கலாம். உறவினர் அல்லாதவரிடமிருந்து ஓர் ஆண்டில் 50,000 ரூபாய்க்கு மேல் வரும் அன்பளிப்பு முழுவதும் பெறுபவரின் வருமானமாகக் கருதப்படும். திரும்பி வரும் கடன் அப்படியல்ல, அதில் வட்டிப் பகுதி மட்டுமே அவர்கள் காட்ட வேண்டிய வருமானம். இருபதாயிரமோ அதற்கு மேலோ உள்ள கடனை ரொக்கமாகத் தீர்க்கச் சட்டத்தில் இடமில்லை.

இன்றைய உழைப்புக்குச் சம்பளம் கொடுங்கள், பங்கு கொடுக்காதீர்கள். மொத்த வரவில் 30 சதவீதம் என்றால் அடுத்த ஆண்டு 48 லட்சம். எழுத்தில் ஒப்பந்தமும் செய்த வேலைக்குச் சான்றும் இல்லையென்றால், அதைச் செலவாக ஏற்க வரித்துறை மறுக்கும், அவர்களுக்குக் கொடுத்த பணத்துக்கும் நீங்களே வரி கட்டுவீர்கள். அட்வான்ஸிலிருந்து பங்கு பிரித்த பிறகு படம் நின்றுபோனால், பத்து சதவீதத்தை யார் திருப்பித் தருவார் என்ற கேள்வி அந்த வீட்டின் கூடத்தில் எழுவதை நீங்கள் விரும்ப மாட்டீர்கள். வேலை நின்றால் சம்பளமும் நிற்கும். பங்குக்கோ முடிவு தேதியே கிடையாது, நண்பர் திருமணமாகி ஊருக்குப் போன பிறகும் அது தொடரும். கால்ஷீட் பார்ப்பவருக்கு மாதம் 45,000, வண்டியும் கணக்கும் பார்ப்பவருக்கு 35,000 என்று தொடங்கலாம், ஆண்டுக்கு 9.6 லட்சம். புதிய முறையில் 12 லட்சம் வரை வரித் தள்ளுபடி இருப்பதால் இருவருக்கும் வரிச்சுமை வராது. மேலாளருக்கு ஊக்கத்தொகை தர விரும்பினால், கைக்கு வந்து சேர்ந்த இறுதித் தவணையில் மட்டும் ஒரு சிறு சதவீதம் என்று வையுங்கள்; புதுப்படம் பிடிப்பதைவிடப் பழைய பாக்கியை வசூலிப்பதில் அவருக்கு அக்கறை பிறக்கும். இந்த ஆண்டு வரவு 50 லட்சத்தைத் தாண்டியதால், அடுத்த ஆண்டு முதல் கமிஷன், தொழில்முறைக் கட்டணம் போன்றவற்றில் டிடிஎஸ் பிடிக்கும் பொறுப்பு உங்களுடையது என்பதை ஆடிட்டரிடம் நினைவூட்டுங்கள். உதவியாளர்களின் பேட்டாவும் தங்கும் செலவும் யார் கணக்கு என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள். தெலுங்குத் தயாரிப்பாளர்கள் 2022 ஆகஸ்டில் படப்பிடிப்புகளையே நிறுத்தி எடுத்த முடிவுகளில், நடிகரின் ஆட்களுக்கான செலவு அவருடைய சம்பளத்துக்குள் அடங்க வேண்டும் என்பதும் ஒன்று.

உதவி இயக்குநர் நண்பரின் படம்தான் கடினமான பகுதி. மூன்று வட்டி என்றால் ஆண்டுக்கு 36 சதவீதம், 1.5 கோடிக்கு மாதம் 4.5 லட்சம். கதை விவாதத்திலிருந்து ரிலீஸ் வரை 18 மாதங்கள் ஆனால், வட்டி மட்டும் 81 லட்சம். 2 கோடிப் படம் உங்களுக்கு 2.81 கோடிப் படமாகிவிடும். முதல் நாள் வசூல் கைக்கு வரும் முன்பே, படம் வெளியாவதற்குப் பைனான்சியரின் ஒப்புதல் கடிதம் வேண்டும். அந்தக் கடிதத்துக்காக, நீங்கள் நடிக்கும் மற்றப் படங்களின் சம்பளமும் அடகுக்குப் போகும். நடிகை சாவித்திரி சொந்தத் தயாரிப்பில் இழந்தது நம் நினைவில் இருக்கிறது. இந்தியாவின் மிகப் பெரிய நட்சத்திரமான அமிதாப் பச்சனே 1990-களில் தன் பெயரில் தொடங்கிய நிறுவனம் நொடித்து, அதன் கடனைப் பல ஆண்டுகள் உழைத்தே அடைத்தார். அவர் அப்போது கால் நூற்றாண்டு நடித்து முடித்தவர். உங்களுக்கு இது மூன்றாவது படம்.

அதற்காக நண்பரைக் கைவிடச் சொல்லவில்லை. உங்களிடம் இன்று பணத்தைவிட மதிப்புள்ளதாக இருப்பது உங்கள் தேதிகள். நண்பர் திரைக்கதையை முழுமையாக எழுதி முடித்து, எழுத்தாளர் சங்கத்தில் பதிவு செய்யட்டும். எழுதும் காலத்துக்கு மாதம் 25,000 வீதம் ஆறு மாதங்களுக்கு ஓர் ஒப்பந்தத்தின் பேரில் கொடுங்கள். பிறகு அந்தக் கதையையும் உங்கள் 40 நாள் கால்ஷீட்டையும் எடுத்துக்கொண்டு, நிறுவப்பட்ட ஒரு தயாரிப்பாளரிடம் இருவரும் சேர்ந்து போங்கள். உங்கள் சம்பளத்தைப் பாதியாகக் குறைத்து, மீதிப் பாதிக்கு ஓடிடி, சாட்டிலைட் உரிமை வருவாயில் பங்கு கேளுங்கள். படம் ஓடாவிட்டால் நீங்கள் இழப்பது அந்தப் பாதிச் சம்பளத்தோடு நின்றுவிடும். ஊரில் அப்பாவின் பெயரில் நிலம் இருந்தால், அதன் பத்திரமும் அடகுக்குப் போகாமல் பீரோவிலேயே இருக்கும். ஃபர்ஸ்ட் காப்பி அடிப்படையில், அதாவது பேசிய ஒரே தொகைக்குள் முழுப் படத்தையும் நீங்களே எடுத்துத் தரும்படி அந்தத் தயாரிப்பாளர் சொன்னால், பட்ஜெட் மீறினால் மிகுதி உங்கள் தலையில் விழும் என்பதால், பணிவாக மறுத்துவிடுங்கள்.

வீட்டைப் பற்றிய யோசனையை இன்றே மறந்துவிடுங்கள். பணம் உங்களுடையது, பத்திரம் இன்னொருவர் பெயரில் என்றால் அதற்குப் பெயர் பினாமி. 2016 நவம்பர் முதல் நடைமுறையில் உள்ள திருத்தச் சட்டப்படி அந்தச் சொத்து பறிமுதல் ஆகும். ஓராண்டு முதல் ஏழு ஆண்டு வரை கடுங்காவல் தண்டனையும், சந்தை மதிப்பில் 25 சதவீதம் வரை அபராதமும் உண்டு. அரசு ஊழியரான அந்த அண்ணன் வேலையையும் இழக்க நேரலாம். மூன்று ஆண்டுகள் ஒழுங்காகக் கணக்கு தாக்கல் செய்தால் வங்கி உங்கள் பெயரிலேயே கடன் தரும். அதுவரை சாலிகிராமம் உங்களுக்குக் குறைவான இடமல்ல.

சேமிப்பில் எளிமையாகத் தொடங்குங்கள்: சண்டைக் காட்சிகளில் நடிப்பதால் தனிநபர் விபத்துக் காப்பீடு, பெற்றோரையும் சேர்த்து மருத்துவக் காப்பீடு, 1 கோடிக்கு டெர்ம் காப்பீடு (காலத்துக்குள் இறந்தால் மட்டும் குடும்பத்துக்குப் பணம் தருவது), இரண்டு ஆண்டு வீட்டுச் செலவுக்கான இருப்பு. அதன்பின் ஆண்டுக்கு 1.5 லட்சம் பிபிஎஃப் (பொது வருங்கால வைப்பு நிதி). வரித்துறை தவிர வேறெந்தக் கடன்காரரும் நீதிமன்ற ஆணையோடு வந்தாலும் அதில் கைவைக்க முடியாது என்பதால், உங்கள் துறையில் இருப்பவர்களுக்கு இதை நான் எப்போதும் பரிந்துரைக்கிறேன்.

இவை எல்லாவற்றுக்கும் முன், இந்த வாரமே செய்ய வேண்டியது ஒன்று. வந்த 64.8 லட்சத்தில் கையிருப்பு 31 லட்சம் போக, இந்த ஆண்டு 33.8 லட்சம் செலவாகியிருக்கிறது. அது எங்கே போனது என்று உங்கள் கேள்வியில் ஒரு வரி கூட இல்லை. வங்கிக் கணக்கின் அறிக்கையை வாங்கி, கணக்கு பார்க்கும் நண்பருடன் ஒரு நாள் முழுக்க அமர்ந்து ஒவ்வொரு வரியையும் எழுதுங்கள். ஆடிட்டர் கேட்டார் என்று சொல்லுங்கள், அவருக்கும் சங்கடம் இருக்காது. கையெழுத்திட்ட காசோலைகளைத் திரும்ப வாங்கி, காசோலைப் புத்தகத்தோடு எண்களை ஒப்பிட்டுப் பாருங்கள். ஏதேனும் ஓர் எண் இல்லையென்றால், அன்றே வங்கிக்கு எழுதி அந்தக் காசோலைக்குப் பணம் தர வேண்டாம் என்று நிறுத்திவையுங்கள்.